கெடு முடிய 11 நாள், வாங்குபவர் பேச்சு மாறுகிறது: முன்பணம் யாருக்கு, ஒப்பந்தம் என்ன ஆகும்?

திருச்சி புறநகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் ஆறு பக்கக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன். 2006-ல் தன் பெயரில் கிரயம் வாங்கிய 1,200 சதுர அடி மனையையும் அதிலுள்ள வீட்டையும் 78 லட்சம் ரூபாய்க்கு விற்க அவர் ஒப்பந்தம் எழுதி, பதிவும் செய்திருக்கிறார். முன்பணம் 7 லட்சம். அதில் 5 லட்சம் வங்கி வழியாக வந்தது, 2 லட்சம் ரொக்கம். நான்கு மாதக் கெடு முடிய இன்னும் 11 நாள் இருக்கிறது. அவருடைய வீட்டுக் கடனில் 6 லட்சத்து 40 ஆயிரம் பாக்கி இருப்பதால் மூலப் பத்திரங்கள் வங்கியில் இருக்கின்றன. வந்த முன்பணத்தில் 5 லட்சத்தை எடுத்துக் கோவையில் மகள் வீட்டருகே ஒரு ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

மூன்று மாதம் சத்தமில்லாமல் இருந்த வாங்குபவர் இப்போது வாரத்துக்கு ஒன்று கேட்கிறார். மனையை அளந்ததில் 26 சதுர அடி குறைகிறதாம், அதற்கு 4 லட்சம் குறைக்க வேண்டும். படுக்கையறைக் கூரையில் ஒழுகல், அதற்கு ஒன்றரை லட்சம். பத்திரத்தில் 55 லட்சம் மட்டும் காட்டி மீதியை ரொக்கமாக வாங்கிக்கொள்ள வேண்டும். ஆடியில் கிரயம் வேண்டாம், ஆவணியில் பார்க்கலாம், அதுவரை பெயின்ட் அடிக்கச் சாவி வேண்டும். மறுத்தால், “தடை வாங்குவேன், ஈசியில் என் பெயர் இருக்கும்வரை உங்கள் வீட்டை எவனும் தொட மாட்டான்” என்கிறார். ஈசி என்றால் வில்லங்கச் சான்று.

வாசகி கேட்பவை மூன்று. கெடு முடிந்ததும் ஒப்பந்தம் தானாக ரத்தாகிவிடும்தானே? முன்பணம் முழுவதும் எனக்குத்தானே? புரோக்கர் 81 லட்சத்துக்கு வேறு ஆளைக் கொண்டுவருகிறார், அவருக்கு விற்கலாமா?

அம்மா, உங்கள் கடிதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்று கேள்விக்குமே நீங்கள் எதிர்பார்க்கும் ‘ஆம்’ என்ற பதிலை என்னால் தர முடியாது. அதே சமயம் அவருடைய மிரட்டலும் நீங்கள் நினைப்பது போல அவ்வளவு பலமானது இல்லை. இந்த 11 நாளில் நீங்கள் சேர்க்கும் காகிதம்தான் யார் கை ஓங்கும் என்பதை முடிவு செய்யும்.

கெடு முடிந்தால் என்ன ஆகும்?

தானாக ஒன்றும் ஆகாது. அசையாச் சொத்து விற்பனையில் காலக்கெடு ஒப்பந்தத்தின் உயிர்நாடி என்று எடுத்த எடுப்பில் கருத முடியாது என்பது 1992-ல் சந்த் ராணி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்ன நிலைப்பாடு. ஒப்பந்த வாசகமும் நடத்தையும் தெளிவாக இருந்தால் கெடுவுக்கு மதிப்பு உண்டு என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. பிந்தைய தீர்ப்புகள் கெடுவை முன்பைவிடக் கடுமையாகவே பார்க்கின்றன. நம் மதுரையில் ஒரு வீட்டு விற்பனை தொடர்பான வழக்கில், ஆறு மாதக் கெடு போட்டுவிட்டு இரண்டரை ஆண்டு சும்மா இருந்தவருக்குக் கிரயம் கிடையாது என்று 1997-ல் உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது.

இருந்தாலும், கெடு தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் “எனக்குக் கிரயம் செய்து கொடு” என்று ஏற்றதை ஆற்றக்கோரும் வழக்கு போட அவருக்கு உரிமை உண்டு. 2018 அக்டோபர் முதல் தேதி அமலுக்கு வந்த சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, விற்பவரின் கஷ்டத்தைப் பார்த்து இந்தப் பரிகாரத்தை மறுக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்குப் பெரும்பாலும் இல்லை. ‘என் நிலையைப் பார்த்தால் நீதிபதிக்கே புரியும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கையில் சாய்ந்துவிடாதீர்கள்.

அவருக்கு இருக்கும் தடை வேறு. தான் எப்போதும் தயாராகவும் விருப்பத்தோடும் இருந்ததாக அவர் நிரூபித்தாக வேண்டும். தயார் என்றால் பணம், விருப்பம் என்றால் நடத்தை. ஒப்பந்தத்தில் இல்லாத விலைக்குறைப்பைக் கேட்பவர் ஒப்பந்தப்படி நடக்க விரும்பியவர் ஆக மாட்டார். ஆகவே ஐந்தரை லட்சம் குறைக்கச் சொல்லி அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் உங்கள் சொத்து. அழிக்காதீர்கள், அந்த ஃபோனையும் மாற்றாதீர்கள். நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றுக்கு உரிய சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

அவருக்கு நிஜமாகவே பணம் இருக்கிறதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 முதல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் வங்கி சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது. 78 லட்சத்துக்கு அதிகபட்சக் கடன் 62.4 லட்சம். மீதி 15.6 லட்சம் அவர் கையிலிருந்து வர வேண்டும். முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் என்றால் இன்னொரு 7 லட்சத்து 2 ஆயிரம். உங்களிடம் கொடுத்த 7 லட்சம் போக, கிரயத்தன்று சுமார் 15 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் அவருடைய சொந்தப் பணமாகவே இருக்க வேண்டும். கடைசி மூன்று வாரத்தில் புதிது புதிதாகக் குறை கண்டுபிடிப்பவர்களில் பலருக்கு இந்த இடத்தில்தான் உதைக்கும்.

வங்கியின் கடன் அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். “லோன் ஆகிவிட்டது” என்ற வாய்ச்சொல் போதாது. கொள்கை அளவிலான அனுமதிக்கும், சட்டக் கருத்தும் மதிப்பீடும் முடிந்து உங்கள் வீட்டு முகவரி போட்டு வரும் அனுமதிக்கும் நிறைய தூரம். மதிப்பீட்டாளர் உங்கள் வீட்டுக்கே வரவில்லை என்றால் இரண்டாவது கடிதம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

அந்த 26 சதுர அடி

உங்கள் மனை 30க்கு 40 என்றும், கிழக்கிலும் வடக்கிலும் உள்ள நாலரை அங்குலச் சுற்றுச்சுவர் உங்களுடையது, மற்ற இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்களுடையவை என்றும் எழுதியிருக்கிறீர்கள். சுவரின் உள்பக்கம் டேப் பிடித்தால் இரண்டு பக்கமும் நாலரை அங்குலம் குறையும். 29 அடி ஏழரை அங்குலத்தை 39 அடி ஏழரை அங்குலத்தால் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 1,174 வரும். அவர் சொல்லும் 26 சதுர அடி அப்படியே உங்கள் சுவருக்குள் நிற்கிறது! உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து, சுவரின் வெளிவிளிம்பிலிருந்து அளந்து, புல வரைபடத்தோடு ஒப்பிட்டு ஒரு கையெழுத்திட்ட வரைபடம் வாங்கிவிடுங்கள். அதற்கு ஒரு நாள் வேலைதான்.

அப்படியும் உண்மையிலேயே குறைந்தால்? சதுர அடி 3,500 என்று மனையை மதித்ததாகச் சொல்கிறீர்கள். 26 சதுர அடிக்கு 91 ஆயிரம். 4 லட்சத்துக்குக் கணக்கே கிடையாது.

ஒழுகலில் நீங்கள் சறுக்கியிருக்கிறீர்கள்

இதைக் கொஞ்சம் கசப்பாகத்தான் சொல்ல வேண்டும். வீட்டைக் காட்டுவதற்கு முன் படுக்கையறைக் கூரையில் இருந்த ஈரத்திட்டின் மேல் பட்டி பார்த்து வெள்ளையடித்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ‘அவர்தான் நேரில் பார்த்து வாங்கினாரே’ என்றும் சேர்த்திருக்கிறீர்கள். சாதாரணக் கவனத்தில் கண்ணில் படாத, விற்பவருக்கு மட்டும் தெரிந்த முக்கியக் குறையைச் சொல்லும் கடமை சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவிலேயே விற்பவருக்கு உண்டு. பூசி மறைத்ததைப் பார்த்து வாங்கினார் என்று வாதாட முடியாது. இரண்டு ஒப்பந்தக்காரர்களிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். கிரயத்துக்கு முன் நீங்களே தளம் போட்டு அடைத்துத் தாருங்கள், இல்லையென்றால் அந்தத் தொகையை மட்டும் குறைக்கச் சம்மதியுங்கள். இதில் இறங்கி வருவது உங்கள் மற்ற நிலைப்பாடுகளுக்கும் வலு சேர்க்கும். பிடிவாதக்காரர் யார் என்று பின்னால் ஒருவர் படித்துப் பார்க்கும்போது அது தெரிய வேண்டும்.

55 லட்சம் கணக்கு

ஒரே வரியில் மறுத்துவிடுங்கள். பதிவான ஒப்பந்தத்தில் 78 லட்சம் என்று இருக்கும்போது கிரயப் பத்திரத்தில் 55 எழுதினால், இரண்டு ஆவணமும் ஒரே அலுவலகத்தில் ஒன்றையொன்று காட்டிக்கொடுத்துக்கொண்டு கிடக்கும். அவருக்கு மிச்சமாவது 23 லட்சத்துக்கு 9 சதவீதம், அதாவது 2 லட்சத்து 7 ஆயிரம். உங்கள் தலையில் விழுவது 23 லட்சம் கணக்கில் வராத பணம். சொத்து விற்பனை தொடர்பாக 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது 2015 ஜூன் முதல் தடை. மீறினால் பணத்தை வாங்கியவருக்கு அதே தொகை அபராதமாக வரலாம். ஏற்கெனவே வாங்கிய 2 லட்சத்துக்கும் இது பொருந்தும் என்பதால் இந்த வாரமே ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். சொத்து வழக்கில் 2 லட்சம், அதற்கு மேல் ரொக்கம் கைமாறியதாக வந்தால் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும்படி 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே கீழமை நீதிமன்றங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. அந்த 2 லட்சத்தைத் திருப்பித் தர நேர்ந்தாலும் ரொக்கமாகத் தராதீர்கள், அதற்கும் தடை உண்டு.

இடையில் ஒன்று. மொத்த விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் அவர் ஒரு சதவீதம், உங்கள் விஷயத்தில் 78 ஆயிரம், வருமான வரியாகப் பிடித்துக் கட்டியாக வேண்டும். ‘கணக்கில் 78 ஆயிரம் குறைத்துச் சொல்கிறார்’ என்ற உங்கள் புகாரில் அவர்மேல் தப்பில்லை. பிடித்ததற்கான சான்றிதழை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

சாவி கூடாது

பெயின்ட் அடிக்க, அலமாரி அளவெடுக்க, பால் காய்ச்ச என்று எந்தப் பெயரில் கேட்டாலும் பதிவுக்கு முன் சாவி கைமாறக் கூடாது. சுவாதீனம் கொடுத்துவிட்டால் பகுதி நிறைவேற்றம், அதாவது ஒப்பந்தத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே நிறைவேறிவிட்டது, என்று வாதிட அவருக்கு ஒரு பிடி கிடைக்கும். முத்திரைத்தாள் கணக்கும் மாறும். வெளியேற்ற நீங்கள் வழக்கு போட வேண்டியிருக்கும், அது பல வருடம் இழுக்கும். அளவெடுக்க வரலாம், நீங்கள் வீட்டில் இருக்கும்போது, பகலில், ஒரு மணி நேரம். மூலப் பத்திரத்துக்கும் இதே விதிதான், ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.

நீங்கள் தயாரா?

அவர் வக்கீல் முதலில் கேட்கப்போவது இதைத்தான். மூலப் பத்திரம் வங்கியில் இருக்கிறது, கடனை அடைத்திருக்கக்கூடிய முன்பணம் கோவைக்குப் போய்விட்டது. கிரயத் தொகையிலிருந்தே கடன் அடைக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் கடனை முடித்து வில்லங்கமில்லாமல் தருவது உங்கள் பொறுப்பு. கடனை முழுதாக அடைத்தால் 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதமானால் நாளுக்கு 5 ஆயிரம் ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. அந்த 30 நாள் உங்கள் 11 நாளுக்குள் அடங்காது. எனவே நாளைக்கே வங்கிக்குப் போய் இரண்டு கடிதம் வாங்குங்கள். ஒன்று, கெடு தேதி வரைக்கும் கட்ட வேண்டிய மொத்தத் தொகை. இரண்டு, அவர்களிடமுள்ள ஆவணங்களின் பட்டியல். இந்த இரண்டும் இருந்தால் வாங்குபவரின் வங்கி நேரடியாக உங்கள் வங்கிக்கு டி.டி. கொடுத்துப் பத்திரங்களை வாங்கிக்கொள்ள முடியும். அடமானம் பதிவாகியிருந்தால் கடன் அடைந்ததைக் காட்டும் ரசீது ஆவணமும் பதிவாக வேண்டும். இதைப் பலர் கடைசி நாளில்தான் நினைத்துக்கொள்வார்கள்.

அத்துடன் இன்றைய தேதி வரையிலான வில்லங்கச் சான்று, பட்டா, நடப்பு அரையாண்டு வரை கட்டிய சொத்து வரி, தண்ணீர் வரி ரசீதுகள், கட்டட அனுமதி வரைபடம், கடைசி மின் கட்டண ரசீது ஆகியவற்றை ஒரு கோப்பில் போடுங்கள்.

நோட்டீஸ், பிறகு அந்த நாள்

இன்றிரவு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு பதில் போதும்: “ஒப்பந்த விலை 78 லட்சம். அதன்படி கெடுவுக்குள் கிரயம் செய்துதர நான் தயார். உங்கள் வங்கி அனுமதிக் கடிதத்தையும் வரைவுப் பத்திரத்தையும் அனுப்புங்கள்.” இதற்கு மேல் பேச வேண்டாம். ‘சரி, பார்க்கலாம்’, ‘முடிஞ்சப்ப கொடுங்க’ போன்ற நல்லெண்ண வார்த்தைகள் கெடுவைத் தளர்த்திவிட்டதாகப் பின்னால் படிக்கப்படும்.

இரண்டு மூன்று நாளுக்குள் வழக்கறிஞர் நோட்டீஸ் போக வேண்டும். பதிவுத் தபால் 2025-ல் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டதால், பட்டுவாடா அத்தாட்சியோடு விரைவுத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள், மின்னஞ்சலிலும் ஒரு பிரதி. மீதித் தொகை எவ்வளவு, கெடுவுக்குள் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்தச் சார்பதிவாளர் அலுவலகம், உங்கள் கடன் எப்படி அடைபடும், அளவு பற்றியும் ஒழுகல் பற்றியும் உங்கள் பதில், தவறினால் என்ன நடவடிக்கை, இவை அத்தனையும் அதில் இருக்க வேண்டும். திட்டும் வார்த்தை ஒன்றுகூட வேண்டாம்.

குறித்த நாளில் கோப்போடும் ஒரு சாட்சியோடும் அந்த அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். போய்ச் சேர்ந்ததும் “காலை 10.30 முதல் இங்கே இருக்கிறேன்” என்று வாசலில் எடுத்த படத்தோடு அவருக்குச் செய்தி அனுப்புங்கள். அலுவலகம் மூடும்வரை இருங்கள். வெட்டி அலைச்சல் மாதிரித் தோன்றும். ஆனால் நீங்கள் தயாராக இருந்ததைக் காட்ட இதைவிட மலிவான சாட்சியம் கிடையாது.

அவர் வராவிட்டால்

மூன்று வழி தெரிகிறது. அவர் உண்மையிலேயே வாங்க நினைப்பவராக இருந்தால், ஆடி முடியட்டும் என்று ஒரு முறை நீட்டிக்கலாம். ஆடி மாதம் சட்டத்தில் காரணமாகாது, ஆனால் ஊர் வழக்கத்தை முழுக்கத் தள்ளவும் முடியாது. 45 நாளுக்கு மேல் வேண்டாம். வங்கி வழியாகக் கூடுதலாக 5 லட்சமாவது வாங்குங்கள். விலை இனி மாறாது, இந்தக் கெடு இறுதியானது, தவறினால் ஒப்பந்தம் முடிந்தது என்று எழுதிப் பதிவும் செய்யுங்கள். பதிவான ஒப்பந்தத்தை வாய்ப்பேச்சால் மாற்ற நினைப்பது வம்பு.

இரண்டாவது, இருவரும் சேர்ந்து ரத்து ஆவணம் பதிவது. எனக்குச் சரியாகப் படுவது இதுதான், காரணம் உங்கள் 81 லட்சம். புதியவர் 3 லட்சம் கூடத் தருகிறார் என்றால், பழையவருக்கு முன்பணத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தாலும் உங்களுக்கு நஷ்டமில்லை, ஈசியும் சுத்தமாகும். ஒன்றில் மட்டும் கவனம்: சார்பதிவாளர் முன் அவர் கையெழுத்துப் போடும்போதுதான் டி.டி. கைமாற வேண்டும், ஒரு நாள் முன்னால்கூட வேண்டாம். புரோக்கர் சொல்வது போல நீங்கள் மட்டும் போய் ஒருதலையாக ரத்து எழுதிப் பதிந்துவிட்டால் விஷயம் முடிந்துவிடாது.

மூன்றாவது, ஒப்பந்தத்தை முறித்து நோட்டீஸ் கொடுத்து, முன்பணத்தைப் பறிமுதல் செய்து, வேறு ஒருவருக்கு விற்பது. உங்கள் ஒப்பந்தத்தில் ‘அச்சாரத் தொகை 7 லட்சத்தையும் இழக்க வேண்டியது’ என்று வாசகம் இருப்பது உங்களுக்குச் சாதகம். வெறும் ‘முன்பணம்’ என்று மட்டும் இருந்திருந்தால் சிக்கல். 78 லட்சத்தில் 7 லட்சம் என்பது 9 சதவீதம், மிதமிஞ்சியது என்று எளிதில் சொல்ல முடியாத அளவுதான். ஆனாலும் தவறு அவர் பக்கம் என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுக்கு உண்டு, ஒழுகல் அங்கே குறுக்கே வரும். பறிமுதலான தொகை இதர வருமானமாக முழுதாக வரிக்கு உட்படும் என்பதையும் கணக்கில் வையுங்கள். புதிதாக வாங்குபவர் ஈசியைப் பார்த்தால் பழைய ஒப்பந்தம் தெரியும். தெரிந்து வாங்கியவரை அந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தும் என்பதால் அவருடைய வங்கி கடன் தரத் தயங்கும். 81 லட்சக்காரரிடம் இதை மறைத்து ஒரு பைசாகூட வாங்காதீர்கள். அப்படிச் செய்தால் உங்கள் மேலேயே மோசடிப் புகார் வரும்.

தடை வாங்குவேன் என்ற மிரட்டலுக்கு ஒரு கணக்கு. கிரயம் கேட்டு அவர் வழக்கு போட்டால் மொத்த விலையின் மேல் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2017 முதல் அது 3 சதவீதம், 78 லட்சத்துக்கு 2 லட்சத்து 34 ஆயிரம். மீதிப் பணத்துக்கே திணறுபவர் அதைச் சுலபத்தில் கட்ட மாட்டார். கட்டிவிட்டால் அவர் நிஜமாகவே வாங்க வந்தவர் என்று எடுத்துக்கொண்டு சமரசத்துக்கு உட்காருங்கள்.

கடைசியாகக் கோவை. அங்கே நீங்கள்தான் வாங்குபவர். உங்கள் கெடுவும் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே நடப்பதைச் சொல்லி 60 நாள் நீட்டிப்பு எழுத்தில் கேளுங்கள், கேட்டது கிடைக்கும்வரை அங்கே இன்னொரு தவணை கட்டாதீர்கள். வரி விலக்குக்காக அவசரப்படவும் தேவையில்லை, பழைய வீட்டை விற்ற இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினால் போதும். வங்கிக் கடிதங்கள் இரண்டும் கைக்கு வந்ததும் ஒப்பந்த நகலோடு உள்ளூர் சிவில் வழக்கறிஞர் ஒருவரைப் போய்ப் பாருங்கள், வெள்ளிக்கிழமைக்கு முன்.